வேறு பெயர் உண்டா?

2025 பிப்ரவரி 9, ஞாயிறு

கப்பல் பயணம் உறுதியாகிவிட்டது. பாளையங்கோட்டையிலிருந்து தெய்வானை மதினி காலையிலேயே போன் செய்து டிக்கெட் போட்டாகிவிட்டது என்றார். மதினி என் மனைவியின் அக்கா. மஸ்கட்டில் பன்னிரண்டு வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், யாரையும் கேட்டு எதையும் செய்கிற பழக்கம் கிடையாது. சென்னையில் ஏறி, இலங்கையில் ஹம்பாந்தோட்டை, திருகோணமலை என்று இரண்டு துறைமுகம் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் திரும்புகிற சொகுசுக் கப்பல். ஆகஸ்ட் 11 புறப்பாடு. "மாப்பிள்ளை, என் தங்கச்சி குற்றாலத்துத் தண்ணியத் தவிர வேற தண்ணி பாத்ததில்ல. இந்தத் தடவ சாக்கு ஏதும் சொல்லப்பிடாது" என்றார்.

நான் என்றைக்குச் சாக்கு சொன்னேன்? காகித வேலை முழுவதும் என் பொறுப்பு என்று அப்போதே சொல்லிவிட்டேன். முப்பத்து நான்கு வருடம் தாலுகா ஆபீசில் இருந்தவனுக்கு இதெல்லாம் காபி குடிக்கிற நேரத்து வேலை. டிராவல்ஸ் பெண் ஜெபமலரிடம் விவரம் கேட்டு, வெள்ளைத் தாளில் வரிசை எண் போட்டு எழுதினேன். வரிசை எண் 1: பாஸ்போர்ட், பயணம் முடிந்து ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக வேண்டும். இதை அடிக்கோடிட்டிருக்கிறேன். ஜனங்கள் கோட்டை விடுகிற இடம் இதுதான். உடனே மதினியைக் கூப்பிட்டு எடுத்துப் பார்க்கச் சொன்னேன். 2029 வரை இருக்கிறதாம். என்னுடையது பீரோவில் இரண்டாவது தட்டில் உறையோடு பத்திரமாக இருக்கிறது. 2015-இல் ஆபீஸ் நண்பர்களோடு மலேசியா போனபோது எடுத்தது. சாந்திக்குத்தான் புதிதாக எடுக்க வேண்டும். அவளுக்கு இதுவரை தேவைப்படவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

மாலை விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்ய உட்கார்ந்தேன். சாந்தி எதிரே தரையில் சீனியவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பிறந்த ஊர், படிப்பு, உடம்பில் அடையாளம் என்று நான் கேட்கக் கேட்க அவள் காயைப் பார்த்தபடியே பதில் சொல்லி வந்தாள். "வேறு பெயர் ஏதேனும் உண்டா" என்ற கேள்வியை நான் வாசிக்கவே இல்லை. இல்லை என்று போடப் போனேன். அவள் எப்படித்தான் அங்கிருந்து பார்த்தாளோ.

"உண்டுன்னு போடுங்க" என்றாள்.

சீனியவரைக்காய் பொரியல் நன்றாக இருந்தது.

பிப்ரவரி 12, புதன்

இதைக் கொஞ்சம் விளக்கி எழுதி வைப்பது நல்லது.

என் மனைவிக்கு அவள் வீட்டில் வைத்த பெயர் குழல்வாய்மொழி. குற்றாலத்து அம்மன் பெயர். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒருத்தி உண்டு. என் அம்மாவுக்கும் அதே பெயர். 1987-இல் எங்களுக்குக் கல்யாணம் ஆன மூன்றாம் நாள் அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: இந்த வீட்டில் தன் பெயரைச் சொல்லி யாரும் யாரையும் ஏட்டி, வாடி என்று கூப்பிடக் கூடாது. மாமியார் பெயரும் மருமகள் பெயரும் ஒன்றாக இருந்தால் மருமகள் பெயரை மாற்றுவது ஊரில் எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான். நன்றாக யோசித்து, எல்லாருக்கும் பொருந்துகிற மாதிரி, கூப்பிடச் சுலபமாக, சாந்தி என்று நான்தான் தேர்ந்தெடுத்தேன். ரேஷன் கார்டில் நானே என் கையால் எழுதினேன். அதன் பிறகு வாக்காளர் அட்டை, ஆதார், பையன் சர்ட்டிபிகேட் எல்லாம் சாந்தி. முப்பத்தெட்டு வருடமாக ஒரு சிக்கலும் வந்ததில்லை. ஒன்பதாம் வகுப்பு டி.சி. ஒன்றில்தான் பழைய பெயர் இருக்கிறது. அது இருப்பதே எனக்கு நேற்றுத்தான் தெரியும். அவள் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்திருந்தாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மதினி நேரில் வந்துவிட்டார். பழைய பெயரில்தான் பாஸ்போர்ட் என்று நிற்கிற தங்கைக்குப் புத்தி சொல்ல வருகிறார் என்று நினைத்து பஜ்ஜி வாங்கி வைத்தேன். ஆதாரைக் காட்டினால் சாந்தி என்ற பெயரில் மூன்று வாரத்தில் பாஸ்போர்ட் வந்துவிடும். பழைய பெயர் வேண்டுமென்றால் அரசிதழில் அறிவிப்பு, பிறகு ஆதார் திருத்தம், பிறகுதான் பாஸ்போர்ட், இதற்கு ஆறு மாதம் ஆகும், கப்பல் போய்விடும் என்று விரல் விட்டு விளக்கினேன். பையன் சர்ட்டிபிகேட்டில் அம்மா பெயர் மாறிப் போகுமே என்றும் கேட்டேன். அம்மா போய்ச் சேர்ந்தே ஆறு வருடம் ஆகிவிட்டது, இனி இதெல்லாம் எதற்கு என்றும் கேட்டேன். மதினி பஜ்ஜி தின்றார்.

சாந்தி காபியைக் கொண்டு வந்து வைத்துவிட்டு நின்றபடியே சொன்னாள். "கடல்ல போறதுன்னா நான் என் பேர்ல போறேன். இல்லன்னா நீங்களும் அக்காவும் போயிட்டு வாங்க. நான் வரல." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பால் வாங்கவில்லை என்று சொல்வது போலச் சொன்னாள்.

மதினி மட்டும் அவளை இன்றும் குழலு என்றுதான் கூப்பிடுகிறார். இத்தனை நாளும் செல்லப் பெயர் என்றே என் காதில் விழுந்திருக்கிறது.

பிப்ரவரி 20, வியாழன்

பேச்சுவார்த்தை இல்லை. சாப்பாடு மட்டும் வழக்கம் போல நேரத்துக்கு வருகிறது.

மார்ச் 5, புதன்

சரி, செய்துவிடுவோம் என்று இறங்கிவிட்டேன். ஒரு காரியத்தில் இறங்கிவிட்டால் எனக்கு நிகர் கிடையாது. வக்கீலிடம் உறுதிமொழிப் பத்திரம், டி.சி. நகல், போட்டோ எல்லாம் சேர்த்து அரசிதழுக்கு விண்ணப்பம் தயார். காரணம் என்ற இடத்தில் மட்டும் என்ன எழுதுவது என்று சிக்கல். சோதிடக் காரணம் என்று எழுதினேன். எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். சாந்தி வாங்கிப் படித்துவிட்டு, "என் பேரு எனக்கு வேணும், அதான் காரணம். அதை எழுதுங்க" என்றாள். அரசாங்கத்துக்கு அப்படி எழுத முடியாது. பள்ளிச் சான்றிதழின்படி திருத்தம் என்று எழுதினேன். ஒப்புக்கொண்டாள்.

மார்ச் 24, திங்கள்

ஜெபமலர் போன் செய்தாள். என் பாஸ்போர்ட் நகலையாவது முதலில் அனுப்புங்கள் என்கிறாள். நல்ல பெண், ஆனால் ஆபீஸ் நடைமுறை தெரியவில்லை. அரைகுறையாக ஒரு பைலை மேலே அனுப்புவது என் சர்வீசிலேயே கிடையாது. ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் அனுப்பினால் ஒன்று தொலையும். இரண்டும் சேர்ந்ததும் நாடா கட்டி ஒரே பைலாக நேரில் கொண்டு வருகிறேன் என்று சொன்னேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

அரசிதழ் வந்துவிட்டது. பொடி எழுத்தில் நூற்றுக்கணக்கான பெயர்களுக்கு நடுவே இரண்டே வரி. சாந்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்துப் படித்தாள். பிறகு இன்னொரு முறை படித்தாள். பைலில் வைக்கக் கேட்டேன். நகலை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, அசலைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அசல் எப்போதும் பைலில் இருப்பதுதான் முறை. நகலைப் பைலில் வைத்தேன்.

மே 14, புதன்

ஆதார் மையம். வெயில் மண்டையைப் பிளந்தது. கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவர் பெயரைத் தட்டச்சு செய்துவிட்டு, இவ்வளவு பெரிய பெயரா, சுருக்கமாகப் போடலாமே என்றார். சுருக்கி முப்பத்தெட்டு வருசம் ஆச்சு, இப்ப நீட்டத்தான் வந்திருக்கேன் என்றாள் சாந்தி. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

ஜெபமலர் மறுபடியும் போன். அதே பதில்.

ஜூன் 6, வெள்ளி

ஆதார் திருத்தம் ஒரு தரம் திரும்பி வந்து இன்றுதான் சரியானது. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. தெரு முழுக்க வெளியூர்க் கார்கள்.

அடுக்களையில் தீப்பெட்டி தேடும்போது கிழித்த காலண்டர் தாள்கள் ஒரு கட்டு கிடைத்தன. எல்லாத் தாளின் பின்பக்கமும் குழல்வாய்மொழி, குழல்வாய்மொழி என்று கையெழுத்துப் போட்டுப் பழகியிருக்கிறாள். முதல் தாளில் பள்ளிக்கூடப் பிள்ளை எழுதின மாதிரி கோணல். கடைசித் தாளில் நல்ல ஓட்டம். பிப்ரவரித் தாளும் அதில் இருந்தது, ஜனவரித் தாளும் இருந்தது. ஜனவரியில் கப்பல் பேச்சே இல்லை. இருந்தபடியே திருப்பி வைத்துவிட்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவை மையம். டோக்கன் போட்டு, எண் விழ விழ உள்ளே போக வேண்டும். என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். விண்ணப்பதாரருக்கு மட்டும்தான் அனுமதியாம். பைலை அவள் கையில் கொடுத்து, எந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று நாலு தரம் சொன்னேன். வெளியே ஒரு மணி நேரம் நின்றேன். ஒரு தாளை மறந்து எனக்குப் போன் வரும் என்று கையிலேயே போனை வைத்திருந்தேன். வரவில்லை. சிரித்த முகமாக வந்தாள். அல்வா வாங்கச் சொன்னாள்.

ஜூலை 14, திங்கள்

இன்று நடந்த கூத்தை எழுதாமல் தூக்கம் வராது.

காலையில் போலீஸ் விசாரணைக்கு ஏட்டையா வந்திருக்கிறார். நான் கடைத்தெருவில், இவள் மாடியில். அவர் தெரு முனையில் மாவுமில் அருணாசலத்திடம் குழல்வாய்மொழி வீடு எது என்று கேட்டிருக்கிறார். அருணாசலம் மிகவும் மரியாதையாக, "அந்தம்மா தவறி ஆறு வருசம் ஆச்சே சார், நாந்தான் மாலை வாங்கிட்டுப் போனேன்" என்று சொல்லியிருக்கிறான். அடுத்து நின்ற இரண்டு பேரும் ஆமாம் என்றிருக்கிறார்கள். ஏட்டையா குறித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கடைத்தெருவிலிருந்து வந்ததும் விஷயம் காதில் விழுந்தது. செத்துப் போனவள் பாஸ்போர்ட் கேட்கிறாள் என்று அறிக்கை போனால் கப்பல் என்ன, வழக்கே வரும். அம்மாவின் இறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்துக்கொண்டு, சாந்தியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். இறந்தது என் தாயார், இது என் மனைவி, பெயர் மட்டும் ஒன்று என்று விளக்கினேன். ஏட்டையா சான்றிதழைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், அரசிதழைப் பார்த்தார்.

"அப்ப உங்களை அந்தத் தெருவுல யாருக்குமே தெரியாதாம்மா?" என்று கேட்டார்.

"நல்லாத் தெரியும் சார். பேருதான் தெரியாது" என்றாள் சாந்தி.

அவர் நல்ல மனிதர். உயிரோடு இருக்கிறார் என்று எழுதிக்கொண்டார். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. என் மனைவி உயிரோடு இருக்கிறாள் என்று நிரூபிக்க என் அம்மாவின் சாவுச் சான்றிதழைக் கொண்டுபோகிற நிலைக்கு யார் காரணம் என்று திரும்பி வருகிற வழி முழுக்க யோசனை. சாந்தி ஆட்டோவில் சாரலை அனுபவித்தபடி வந்தாள்.

மாலையில் அருணாசலம் மாவு அரைத்த கையோடு மன்னிப்புக் கேட்டு வந்தான். இவள் அவனுக்குத் தன் பெயரைச் சொல்லிக்கொடுத்தாள்.

ஜூலை 30, புதன்

பாஸ்போர்ட் வந்தது. தபால்காரரிடம் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பைல் முழுமையாகிவிட்டது. முதல் பக்கத்தில் என் பட்டியல், அடுத்து இரண்டு பாஸ்போர்ட், போட்டோக்கள், நகல்கள். நாடா கட்டி, ஜெபமலரின் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். இப்படி ஒரு பைலை அவள் பார்த்திருக்க மாட்டாள். ஒவ்வொன்றாகப் புரட்டினாள். என் பாஸ்போர்ட்டில் நின்றுவிட்டாள்.

"சார், உங்களுது இந்த அக்டோபரோட முடியுது."

பயணம் ஆகஸ்டில்தானே, இரண்டு மாதம் மிச்சம் இருக்கிறதே என்றேன். அவள் பைலின் முதல் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினாள். வரிசை எண் 1. அடிக்கோடு. என் கையெழுத்து அழகாகத்தான் இருந்தது.

மார்ச்சில் நகல் தந்திருந்தால் ஒரே வாரத்தில் புதுப்பித்திருக்கலாமாம். அவசர முறையில்கூட இனி 12-ஆம் தேதிக்குத்தான் பாஸ்போர்ட் மையத்தில் இடம் இருக்கிறதாம். கப்பல் 11-ஆம் தேதி. அந்தப் பெண் ஐந்து மாதமாகக் கேட்டதைத் திருப்பிச் சொல்லிக் காட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சாந்தியிடம் சொன்னேன். உலை வைத்துக்கொண்டிருந்தாள், கேட்டுக்கொண்டாள். என்னை விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசு வராது. எப்படியும் மாலைக்குள் நானும் போகவில்லை என்று சொல்வாள். வேண்டாம், நீ போ என்று நான் ஒரு தடவையாவது வற்புறுத்த வேண்டும். அதுதான் மரியாதை.

ஆகஸ்ட் 6, புதன்

இன்னும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

சொல்லவில்லை. பெட்டி எடுத்துத் துடைத்து வெயிலில் வைத்திருக்கிறாள்.

நானே கேட்டுவிட்டேன். நான் இல்லாமல் போகிறாயா என்று. துணியை மடித்தபடியே சொன்னாள்.

"நீங்க மலேசியா போனப்போ அத்தை இடுப்பு ஒடிஞ்சு கெடந்தாவ. அவுகள பாத்துக்கிட நான் இருந்தேன். இப்ப வீட்டைப் பாத்துக்கிட நீங்க இருங்க. அஞ்சு நாள்தான்."

மலேசியா பத்து நாள். அதை அவள் சொல்லவில்லை, எனக்கே நினைவு வந்தது. அங்கிருந்து அவளுக்கு ஒரு கைக்குட்டைதான் வாங்கி வந்தேன். அதுவும் நினைவு வந்தது.

ஆகஸ்ட் 9, சனி

மதினி வந்தாயிற்று. இரண்டு பேரும் சேர்ந்து எனக்கு வகுப்பு எடுத்தார்கள். பால் எத்தனை மணிக்கு, கேஸ் எந்தப் பக்கம் திருக வேண்டும், துளசிக்கு எவ்வளவு தண்ணீர். தாளில் வரிசை எண் போட்டு எழுதிக்கொண்டேன். எழுதினா மட்டும் போதாது மாப்பிள்ளை, வாசிச்சுப் பாக்கணும் என்றார் மதினி. சாந்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வழியனுப்ப நானும் சென்னை போகிறேன். பொதிகை எக்ஸ்பிரஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். தென்காசி தாண்டியதும் மதினி புளியோதரையைப் பிரித்துக்கொண்டே, அப்போது எப்படி சாந்தி என்று பெயர் வைத்தீர்கள் என்று கேட்டார். அமைதி என்று பொருள், நன்றாக யோசித்து வைத்தது என்றேன்.

"பஸ் பேரு அக்கா" என்றாள் இவள், ஜன்னலைப் பார்த்தபடி. "மறுவீடு போறப்ப பஸ் ஸ்டாண்டுல எதுத்தாப்புல ஒரு பஸ் நின்னுச்சு. சாந்தின்னு எழுதியிருந்துச்சு. இவுக அதைப் பாத்தாவ, என்னைப் பாத்தாவ. முடிஞ்சு போச்சு."

உண்மைதான். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். மதினி சிரித்த சிரிப்பில் எதிர் சீட்டுக் குழந்தை விழித்துக்கொண்டது. நான் புளியோதரைக்குக் கை நீட்டினேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

துறைமுகத்தில் திருவிழாக் கூட்டம். கப்பல் நாலைந்து தெருவை அடுக்கி வைத்த மாதிரி இருந்தது. பயணிகள் மட்டும் என்று எழுதின வாசலுக்கு முன்னால் நின்று, மாத்திரை, தொப்பி, காதுக்குப் பஞ்சு எல்லாம் நினைவுபடுத்தினேன். சாந்தி தலையாட்டினாள். இரண்டு பேரும் பெட்டியை உருட்டிக்கொண்டு வரிசைக்குள் போனார்கள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் போய்க்கொண்டே இருந்தாள். அப்போதுதான் என் கக்கத்தில் பைல் இருப்பது தெரிந்தது. உள்ளே அவள் பாஸ்போர்ட்.

"சாந்தி" என்று கத்தினேன். கூட்டத்தில் மூன்று பெண்கள் திரும்பினார்கள். அவள் திரும்பவில்லை. இன்னொரு தரம் கத்தினேன். வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. காவலர் என்னை உள்ளே விடவில்லை.

எனக்கு அந்தப் பெயர் வாயில் வராது. அம்மா பெயர். சின்ன வயதில் யாராவது உன் அம்மா பெயர் என்னடா என்று கேட்டால்கூட மெதுவாகத்தான் சொல்வேன். இத்தனை மாதம் எத்தனை தாளில் எழுதியிருப்பேன், ஒரு தடவைகூட அவளைப் பார்த்துச் சொன்னதில்லை. ஆனால் வரிசையில் அவளுக்கு முன்னால் நாலே பேர்தான்.

"குழல்வாய்மொழி" என்றேன். குரல் வெளியே வரவில்லை. மறுபடியும், வயிற்றிலிருந்து கத்தினேன். மொத்தத் துறைமுகமும் திரும்பியது போல் இருந்தது. அவளும் திரும்பினாள்.

பெட்டியை அக்காவிடம் விட்டுவிட்டு வந்தாள். அவசரப்படவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கையை நீட்டினாள். பைலைப் பிரித்து பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன்.

"மொதல்ல சாந்தின்னு கூப்பிட்டதே கேட்டுச்சு" என்றாள். "போய்ட்டு வாரேன்."

ஆகஸ்ட் 13, புதன்

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. துளசிக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. ஹம்பாந்தோட்டையிலிருந்து மதினி ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். கடல் காற்றில் புடவைத் தலைப்பு பறக்க, என் தொப்பியைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள்.

ஜெபமலர் ஆபீசுக்குப் போனேன். என் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க விண்ணப்பம். இந்தத் தடவை அவளே கம்ப்யூட்டரில் பூர்த்தி செய்தாள், நான் கைகட்டி உட்கார்ந்து கேட்டதற்குப் பதில் மட்டும் சொன்னேன். அப்பா பெயர் கேட்டாள். அம்மா பெயர் கேட்டாள், குழல்வாய்மொழி என்றேன். மனைவி பெயர் கேட்டாள். சொன்னேன்.

"சார், அது அம்மா பேர். வைஃப் பேர் சொல்லுங்க."

"அதுவும் அதுதாம்மா."

அவள் தட்டச்சு செய்தாள். திரையில் அந்தப் பெயர் ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு தடவை வந்தது. அவள் அதைப் பார்த்துச் சிரித்தபடி கேட்டாள்.

"ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருந்திருக்காங்க. நீங்க எப்படி சார் கூப்பிட்டீங்க?"

"கூப்பிட்டதே இல்லம்மா" என்றேன். "முந்தாநாள்தான் ஒரு தடவ கூப்பிட்டேன். திரும்பிப் பாத்தா."